ஊரடங்கு ஆண்டில் ஊராட்சி நமக்குச் சொன்னது என்ன?

2021 பொங்கலுக்கு முந்தைய வாரம். கடலூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பேருந்து நிறுத்தத்தில் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். புத்தாண்டு வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, "கொரோனாவை வென்றிடுவோம்" என்று மூன்றையும் ஒரே பலகையில் அடக்கியிருந்தார்கள். மேலே கட்சித் தலைவர்கள், நடுவில் ஊராட்சித் தலைவர், கீழே வரிசையாக இருபது தலைகள். அங்கிருந்து ஐம்பது அடி தள்ளி ஊராட்சி அலுவலகம். அதன் சுவரில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. பனியில் நனைந்து ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது. கையால் எழுதிய ஐந்து வரி: கிருமிநாசினி தெளிப்பு; பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு வாங்கியது; தூய்மைக் காவலர்களுக்கு முகக்கவசம், கையுறை; மோட்டார் பழுது; தெருவிளக்கு. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தொகை. அடியில் செயலரின் கையெழுத்து.

ஃபிளெக்ஸை ஊரே பார்த்தது. தாளை நின்று படித்தவர்கள் என்னோடு சேர்த்து நாலு பேர் இருந்தால் அதிகம். படித்த எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எழுத்து புரிந்தது, விஷயம் பிடிபடவில்லை. பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரூபாயை அப்புறம் பாரு. இதுல எதெல்லாம் ஊராட்சி வேலை, எது இல்ல, மொதல்ல அதைப் பிரி" என்றார். அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதும், பிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. ஊராட்சி என்றால் என்ன என்பதே தெரியாதவர்களும் படிக்கலாம்.

அப்போது தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள் இருந்தன. அதற்கு மேலே ஊராட்சி ஒன்றியம், அதற்கும் மேலே மாவட்ட ஊராட்சி. 1992-இல் அரசியல் சட்டத்தில் செய்த 73-ஆவது திருத்தம், அதை ஒட்டி வந்த 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஆகியவைதான் இந்த அமைப்புக்கு அடிப்படை. கிராம ஊராட்சியில் தலைவரையும் வார்டு உறுப்பினர்களையும் நாமே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். இந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆட்டோ, பூட்டு சாவி என்று சுயேச்சைச் சின்னங்கள்தான். ஃபிளெக்ஸில் கட்சித் தலைவர்கள் எப்படி ஏறினார்கள் என்று கேட்டால், அது வேறு கதை.

அந்த 2020-ஆம் ஆண்டு ஊராட்சிகளுக்கு எப்படி வாய்த்தது என்று பாருங்கள். 2016 அக்டோபரோடு பழைய உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துபோனது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போய், மூன்று வருஷத்துக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் வாக்குப்பதிவு நடந்தது. வென்றவர்கள் 2020 ஜனவரி 6 அன்று பதவி ஏற்றார்கள். மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை, மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. நடுவில் எண்பது நாள் கூட இல்லை. பல தலைவர்களுக்கு அப்போதுதான் செயலர் எந்த அலமாரியில் எந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறார் என்று தெரியத் தொடங்கியிருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்கள். சட்டசபைக்கு நாம் ஆளை அனுப்பிவைக்கிறோம். கிராம சபைக்கு நாமே போகிறோம். அப்போது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு முறை கூடுவது வழக்கம் (பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறாயின). வரவு செலவை வாசிப்பது, அடுத்து என்ன வேலை எடுப்பது என்று முடிவு செய்வது, பயனாளிகள் பட்டியலைச் சொல்வது எல்லாம் அங்கேதான். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

இந்தக் கணக்கே 2020-இல் சிக்கலாகிவிட்டது. நூறு பேரைக் கூட்டினால்தான் கூட்டம். நூறு பேரைக் கூட்டக் கூடாது என்பது ஊரடங்கு. 2020 ஜனவரி 26 அன்று கூடிய கிராம சபை அதன் பிறகு 2021 அக்டோபர் 2 அன்றுதான் கூடியது. இடையில் ஆறு கூட்டங்கள் நடக்கவில்லை. புதிதாக வந்த தலைவர் தன் முதல் வருஷக் கணக்கை ஊருக்கு முன் எழுந்து நின்று சொல்ல ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது. டாஸ்மாக் திறந்திருக்கும்போது மரத்தடியில் ஆளுக்கு ஆறடி இடைவெளி விட்டு உட்கார முடியாதா என்று அன்று பலர் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது.

சுவரில் ஒட்டிய அந்தத் தாளுக்கு மதிப்பு வருவது இதனால்தான். சாதாரண வருஷத்தில் அது ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். கிராம சபை கூடாத வருஷத்தில், ஊராட்சி ஊருக்குச் சொல்லும் ஒரே பதில் அது.

சரி, சித்தப்பா சொன்ன முதல் பாடத்துக்கு வருவோம். எது ஊராட்சியின் வேலை?

குடிநீர், தெருவிளக்கு, குப்பை, வாய்க்கால், தெரு, சுடுகாடு. பெரும்பாலும் இவ்வளவுதான். ரேஷன் கடை ஊராட்சியின் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தது மாநில அரசு. 2021 பொங்கலுக்குக் கொடுத்த 2,500 ரூபாயும் கரும்பும் அப்படியே. ஆரம்ப சுகாதார நிலையம் சுகாதாரத் துறையுடையது. இறப்பைப் பதிவு செய்வது, சாதிச் சான்று விண்ணப்பத்தை விசாரித்துச் சொல்வது எல்லாம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்); அவர் வருவாய்த் துறை. ஊராட்சி செயலர் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவர். ஊரில் பாதிப் பேர் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செயலரைக் "கிளார்க்" என்று கூப்பிடுவதால் வந்த குழப்பமோ என்னவோ.

ஆகவே ஓர் ஊராட்சியின் ஆண்டு இறுதிச் செய்தியில் "நிவாரணத் தொகை வழங்கினோம், அரிசி வழங்கினோம், காய்ச்சல் முகாம் நடத்தினோம்" என்று அடுக்கியிருந்தால், அதில் ஊராட்சி செய்த பங்கு எது என்று தேட வேண்டும். டோக்கன் கொடுக்க உதவியிருக்கலாம், வரிசைக்கு வட்டம் போட்டிருக்கலாம், முகாமுக்குப் பள்ளிக்கூடத்தைப் பெருக்கிக் கொடுத்திருக்கலாம். அதைச் சொன்னால் போதும், அதுவே நல்ல வேலைதான். முழுசையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டால், சொந்தமாகச் சொல்ல வேறொன்றும் இல்லையோ என்ற சந்தேகம் வருகிறது.

அந்த வகையில் எங்கள் ஊர்த் தாள் யோக்கியமானது. ஐந்து வரியும் ஊராட்சி வேலை. ஆனால் முதல் இரண்டு வரியைப் பார்த்ததும் சித்தப்பா சிரித்தார். "தெளிச்சது எங்க, தொட்டியில போட்டது எவ்வளவுன்னு பிரிச்சு எழுதல பாரு."

கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் இது புரியும். ஊரில் ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, கொள்ளளவு 30,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குடிநீரில் குளோரின் கலக்க, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று டேங்க் ஆபரேட்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு தொட்டி நிரம்ப 120 கிராம். நாளைக்கு இரண்டு முறை ஏற்றினால் 240 கிராம். மாதத்துக்கு 7 கிலோ சொச்சம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். எங்கள் டேங்க் ஆபரேட்டர் அண்ணன் விடியற்காலை நாலரைக்கு அந்த வாளியோடு இரும்பு ஏணியில் ஏறுவதைப் பால் வாங்கப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ஊரடங்கில் ஒரு நாளும் அது நிற்கவில்லை.

தெருவில் தெளிக்கும் கரைசலுக்கு அளவே வேறு. ஒரு சதவீதக் கரைசல் என்றால், மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள பவுடரில் லிட்டருக்கு 30 கிராம் போட வேண்டும். முதுகில் மாட்டும் 16 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 480 கிராம். அதாவது ஒரு தெளிப்பான் மருந்தில் ஊருக்கே இரண்டு நாள் குடிநீர் சுத்தமாகும். டிராக்டரில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்து வீதி வீதியாக அடித்தார்களே, அந்த ஒரு தொட்டிக்கு 30 கிலோ. நாலு மாதத்துக் குடிநீர்க் குளோரின் ஒரே காலையில் தார் ரோட்டில் ஆவியாகிப் போகும்.

அதனால் ஏதாவது பயன் இருந்ததா? தெருவிலும் சந்தையிலும் மருந்து அடித்து இந்தக் கிருமியை ஒழிக்க முடியாது, மண்ணும் தூசும் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. ஆட்கள் மேல் தெளிப்பது ஆபத்து என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரலிலேயே எச்சரித்திருந்தது. ஆனாலும் எல்லா ஊரிலும் அடித்தார்கள். குற்றம் சொல்வதற்கில்லை. தெருவில் மருந்து வாடை வந்தால்தான் "நம்ம தலைவர் வேலை செய்யறாரு" என்று நாம் நம்பினோம். எங்கள் தெருவுக்கு டிராக்டர் ஒரு நாள் தாமதமாக வந்ததற்குச் சண்டைக்குப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். விடியற்காலை வாளியோடு ஏணி ஏறியவரை யாரும் படம் எடுத்துப் போடவில்லை.

இப்போது அந்தத் தாளின் முதல் இரண்டு வரியைத் திரும்பிப் பாருங்கள். தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, அதில் எவ்வளவு தொட்டிக்கு, எவ்வளவு தெருவுக்கு என்று பிரித்திருந்தால், அடுத்த முறை ஊர் எதைக் கேட்க வேண்டும் என்று ஊருக்கே தெரிந்திருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, சில உரிமக் கட்டணங்கள் ஆகியவை சொந்த வருவாய். அது சிறிய தொகை. ஊரடங்கில் கதவைத் தட்டி வீட்டு வரி கேட்க எந்தச் செயலருக்கும் மனம் வந்திருக்காது. மீதி மானியம்தான். மாநில நிதிக்குழு மானியம் ஒன்று, மத்திய நிதிக்குழு மானியம் ஒன்று (அரசின் வருவாயில் யாருக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பதுதான் நிதிக்குழு). 2020-21-ஆம் ஆண்டுக்கு 15-ஆவது நிதிக்குழு நாடு முழுக்க உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 60,750 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் பாதியைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று கட்டி வைத்தார்கள். மீதிப் பாதியை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவழிக்கலாம், சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. முந்தைய 14-ஆவது நிதிக்குழு பணத்தை முழுதாகக் கிராம ஊராட்சிக்கே கொடுத்தது. 15-ஆவது குழு ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் சேர்த்துப் பிரித்தது. தட்டு ஒன்று, சாப்பிட மூன்று பேர்.

ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்தால் மோட்டார் பழுதாகி ஊர் தாகத்தில் கிடந்தாலும் காசோலை மேசையிலேயே கிடக்கும். இது பல ஊர்களில் நடக்கிற கூத்து. அதனால் "மோட்டார் பழுது" என்ற வரியில் தொகையோடு தேதியும் வேண்டும். என்று எரிந்தது, என்று ஓடியது? இடைப்பட்ட நாட்களுக்குப் பதில் சொல்லாத கணக்கு அரைக் கணக்கு.

இன்னொரு குழப்பம். நாம் டிசம்பரில் வருஷத்தை முடிக்கிறோம். ஊராட்சிக்கு வருஷம் முடிவது மார்ச் 31. எனவே ஜனவரியில் ஒட்டும் கணக்கு தணிக்கை ஆன கணக்காக இருக்காது. அதுவரை நடந்த செலவின் குறிப்புதான். அதை ஒரு குறையாக நினைக்க வேண்டியதில்லை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று எழுதியிருந்தால்.

தாளில் இல்லாத விஷயங்கள் பற்றியும் பேச வேண்டும். எங்கள் பக்கம் 2020-இன் பெரிய அதிர்ச்சி மே முதல் வாரத்தில் வந்தது. சென்னை கோயம்பேடு சந்தையில் தொற்று பரவ, அங்கே மூட்டை தூக்கியவர்களும் காய்கறிக் கடையில் நின்றவர்களும் லாரி பிடித்து ஊர் திரும்பினார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென ஏறியது. மே 5 அன்று சந்தையையே மூடினார்கள். நேற்று வரை "சென்னையில சம்பாதிக்கிற பையன்" என்று பெருமையாகச் சொன்ன ஊர், அவன் வந்து இறங்கியதும் முள்வேலி போட்டது. வெளியூர்க்காரர் வரத் தடை என்று ஊர் எல்லையில் மரத்தை வெட்டிப் போட்ட இடங்களும் உண்டு.

அப்படி வழி மறிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இருக்கிறதா? இல்லை. ஊரடங்கு, தனிமைப்படுத்தல் எல்லாம் 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம், 1897-ஆம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டம் ஆகியவற்றின் கீழ் நடந்தவை. மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு ஆட்சியர். தலைவருக்கு வேலை இருந்தது: பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவது, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஏற்பாடு செய்வது, தனிமையில் இருக்கும் வீட்டுக்குப் பாலும் மருந்தும் போகிறதா என்று பார்ப்பது. ஆணையிடும் அதிகாரம் இல்லை. ஒடிசாவில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். 2020 ஏப்ரலில் முதல்வர் நவீன் பட்நாயக் ஊராட்சித் தலைவர்களுக்குத் தங்கள் எல்லைக்குள் ஆட்சியரின் அதிகாரத்தைக் கொடுத்தார். வெளியிலிருந்து திரும்புகிறவர்கள் ஊராட்சியில் பெயர் பதிய வேண்டும், 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும், முடித்தால் 2,000 ரூபாய் ஊக்கத்தொகை. கேரளத்தில் ஊரடங்கு தொடங்கிய வாரமே உள்ளாட்சிகள் சமூகச் சமையலறை திறந்து சாப்பாடு கொடுத்தன. அதே நோய்தான், ஆனால் உள்ளாட்சியின் கையில் கொடுத்த சாவி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஓர் ஊராட்சித் தலைவரைக் கேள்வி கேட்கும் முன்பு, அவர் கையில் எந்தச் சாவி இருந்தது என்று தெரிந்துகொள்வது நமக்கும் நல்லது.

நூறு நாள் வேலையும் அந்தத் தாளில் இல்லை. ஊரடங்கில் நின்றுபோன வேலை ஏப்ரல் பிற்பகுதியில் கட்டுப்பாடுகளோடு திரும்பியது. தமிழ்நாட்டில் அதன் தினக்கூலி 2020 ஏப்ரல் முதல் 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்ந்தது. மே மாதத்தில் மத்திய அரசு இந்தத் திட்டத்துக்குக் கூடுதலாக 40,000 கோடி ஒதுக்கியது. கூலி நேராக வங்கிக் கணக்குக்குப் போனது, ஊராட்சியின் கையில் வரவில்லை. ஆனால் எந்த வேலை எடுப்பது, யாருக்கு வேலை அட்டை, எந்த ஏரியில் எந்தக் கரை என்பதெல்லாம் ஊராட்சி வழியாகத்தான். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை போய்த் திரும்பியவர்களுக்குப் புது அட்டை கொடுத்தார்களா என்பது அந்த ஆண்டின் முக்கியமான கேள்வி. நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி மரக்காணம் அருகே கரையைக் கடந்த நிவர் புயலும், அடுத்து வந்த புரெவி மழையும் வாய்க்காலை எங்கே உடைத்தன, எங்கே அடைத்தார்கள் என்பதும் அப்படியே.

ஒரு நல்ல ஆண்டு இறுதிச் செய்தி எப்படி இருக்கும் என்று நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். ஊரும் எண்ணும் கற்பனை, தொனி மட்டும் கவனியுங்கள்:

"ஊர் மக்களுக்கு வணக்கம். இந்த வருஷம் கிராம சபை கூட முடியவில்லை. அதனால் நேரில் சொல்ல வேண்டியதை எழுதுகிறோம். மேலத்தெரு மோட்டார் ஜூலை 3-இல் எரிந்தது, 14-இல் ஓடியது. நடுவில் டிராக்டரில் தண்ணீர் கொடுத்தோம், கடைசி இரண்டு வீட்டுக்குச் சரியாக வரவில்லை, அது எங்கள் தவறு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் 41 பேர் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தது மகளிர் குழு. ஊராட்சி தண்ணீரும் விளக்கும் மட்டும் கொடுத்தது. காலனி சிமெண்ட் சாலை இந்த வருஷம் போட முடியவில்லை. பணம் இருக்கிறது, வேலை தொடங்கவில்லை. மார்ச்சுக்குள் தொடங்குவோம். வரவு செலவுப் பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்."

இதில் வாழ்த்து ஒரு வரி கூட இல்லை. செய்யாதது இரண்டு இடத்தில் இருக்கிறது. அடுத்தவர் செய்ததை அடுத்தவர் பெயரிலேயே எழுதியிருக்கிறது. சித்தப்பாவிடம் காட்டினேன். "இப்படி ஒரு தலைவர் எழுதினா மறு தேர்தல்ல டெபாசிட் போயிடும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஜெயிச்சாலும் ஜெயிப்பான்" என்றார்.

செய்தியின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் பதவிகளில் பாதி பெண்களுக்கு. ஆனால் ஃபிளெக்ஸில் தலைவி ஒரு மூலையில், கணவர் நடுவில், அவர் கீழே "தலைவர்" என்றே போட்டுக்கொள்வார். 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைப் பள்ளியில் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியாகி, சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில் அவர் ஏற்றினார். கொடிக்கயிறே கைக்கு வராத இடத்தில், கணக்குத்தாளில் கையெழுத்து யாருடையது என்பது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர்த் தாளில் செயலர் கையெழுத்து மட்டும் இருந்ததும் உறுத்தியது. செயலர் எழுதலாம், ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நாம் ஓட்டுப் போட்டவர்.

தாளில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்கலாம். கூச்சமாக இருந்தால் போனிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. 2020 ஏப்ரல் 24, தேசிய ஊராட்சி தினத்தன்று இ-கிராம் ஸ்வராஜ் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால், நிதிக்குழுப் பணத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று ஓரளவு வருகிறது. தளம் மெதுவாகத்தான் திறக்கும். பெயர்கள் ஆங்கில எழுத்தில் தாறுமாறாக இருக்கும். பொறுமை வேண்டும். அதிலும் இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். அதற்கு முன் நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் செயலரே பதிவேட்டை எடுத்துக் காட்டிவிடுவார், யாரும் வந்து கேட்பதில்லை என்று அவருக்கும் வருத்தம் இருக்கும்.

2021 அக்டோபர் 2 அன்று எங்கள் ஊரில் கிராம சபை கூடியது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா, வாசலில் சானிடைசர் பாட்டில், ஆளுக்கு ஒரு முகக்கவசம். செயலர் வரவு செலவை ரயில் வேகத்தில் வாசித்துக்கொண்டு போனார். "மோட்டார் பழுது நீக்கம்" என்ற இடம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் ஆயா எழுந்து, முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "எந்த மோட்டாரு?" என்றார். செயலர் நிறுத்தினார். தலைவர் செயலரைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த டேங்க் ஆபரேட்டர் அண்ணன் எழுந்து, "கோயில் பக்கத்துல இருக்கறது, ஆயா. வைண்டிங் போச்சு. ஒம்பது நாளு" என்றார். ஆயா தலையை ஆட்டிவிட்டு உட்காரவில்லை. "அப்ப எங்க தெரு மோட்டாரு என்னாச்சு?"